பெரிய சூரிய மின் பண்ணைக்குத் திட்ட அனுமதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடம் தேர்வாவதில் தொடங்கி, தகடுகளைக் கழற்றி நிலத்தைத் திருப்பி ஒப்படைக்கும் நாள்வரை ஒரு பெரிய சூரிய மின் பண்ணை எந்தெந்த அனுமதிகளைக் கடந்து செல்கிறது என்று நிலவுடைமையாளர்களும் பக்கத்தில் வசிப்போரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் நிலம், நீர், உயிரினம், அயலார் வாழ்க்கை ஆகியவற்றைப் பற்றி அனுமதி தருவோர் கேட்க வேண்டியவை எங்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே பொதுவான நடைமுறையை முன்வைத்து, தேவைப்படும் இடங்களில் மட்டும் சில நாடுகளின் விதிகளை எடுத்துக்காட்டுகிறேன்.

வீட்டுக்கூரைத் தகடுகளுக்கு இல்லாத அனுமதி, தரையில் அமையும் பண்ணைக்கு ஏன் தேவைப்படுகிறது?

கூரைத் தகடுகள் ஏற்கெனவே இருக்கும் கட்டடத்தின் மேல் அமர்கின்றன. அவற்றால் நிலத்தின் பயன்பாடு மாறுவதில்லை. தரையில் அமையும் பண்ணை பரந்த நிலப்பரப்பைப் பல பத்தாண்டுகளுக்கு எடுத்துக்கொள்கிறது. ஒரு மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் என்பது இந்தியாவில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதன்படி 100 மெகாவாட் பண்ணைக்கு 400 முதல் 500 ஏக்கர் வேண்டும். தகடுகளோடு வேலி, உள்சாலைகள், நேர்திசை மின்சாரத்தை மாறுதிசையாக்கும் இன்வெர்ட்டர்களின் கூடங்கள், துணை மின்நிலையம், அங்கிருந்து கிளம்பும் உயரழுத்த மின்பாதை ஆகியவையும் சேர்ந்ததுதான் திட்டம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒரே பண்ணையின் திறனை இரண்டு எண்களால் சொல்வார்கள். ஒன்று, தகடுகள் அனைத்தும் சேர்ந்து தரக்கூடிய நேர்திசை மின்சாரம். மற்றொன்று, இன்வெர்ட்டர்கள் வழியாக வெளியேறும் மாறுதிசை மின்சாரம். முதல் எண் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். வெயில் குறைந்த வேளைகளிலும் இன்வெர்ட்டர்கள் போதிய அளவு இயங்க வேண்டும் என்பதற்காகத் தகடுகளைக் கூடுதலாகவே பதிப்பார்கள். எந்த அதிகாரியிடம் விண்ணப்பம் போக வேண்டும் என்பது பல இடங்களில் மெகாவாட் கணக்கைப் பொறுத்திருப்பதால், ஆவணத்தில் எந்த எண் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். நிலத்தில் எத்தனை தகடுகள் வரும் என்பதைச் சிறிய எண் சொல்லாது.

அனுமதி தரும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

சிறிய திட்டங்களை உள்ளாட்சி அமைப்பும், பெரியவற்றை மாநில அல்லது தேசிய அரசும் முடிவு செய்வது பரவலான வழக்கம். இங்கிலாந்தில் 2008ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டப்படி 50 மெகாவாட்டைத் தாண்டிய சூரிய மின் பண்ணைகள் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவையாகக் கருதப்பட்டு, அமைச்சரின் முடிவுக்குச் சென்றன. 2025 டிசம்பர் 31 முதல் அந்த வரம்பு 100 மெகாவாட்டாக உயர்ந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் மெகாவாட்டைப் பார்ப்பதில்லை; திட்டத்தின் மதிப்பு 3 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டினால் அது மாநில அளவிலான திட்டமாகிவிடும். ஜெர்மனியில், நெடுஞ்சாலைகளின் ஓரத்திலும் முக்கிய இரட்டை ரயில் தடங்களின் ஓரத்திலும் 200 மீட்டருக்குள் அமையும் பண்ணைகளுக்கு 2023 முதல் சட்டம் சலுகை தருகிறது. ஏற்கெனவே இரைச்சலும் இடையூறும் உள்ள நிலத்தை முதலில் பயன்படுத்துவோம் என்ற இந்த எண்ணம் எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

இந்தியாவில் நிலைமை வேறு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில், தகடுகளால் மின்சாரம் தயாரிக்கும் ஒளிமின் திட்டங்கள் இடம்பெறவில்லை. அதனால் அந்த அறிவிக்கையின்கீழ் நடக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் இவற்றுக்குக் கட்டாயமில்லை. ஆனால் நிலம் வனநிலமாக இருந்தால் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதலும், சரணாலயத்தில் அமைந்தால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியும் வேண்டும். நிலப்பயன்பாட்டு மாற்றம் மாநில விதிகளுக்கு உட்பட்டது. ஒரே மேசையில் ஒரே முடிவாக அனுமதி கிடைக்காமல், துண்டு துண்டாகப் பல அலுவலகங்களில் கிடைக்கிறது. முழுத் திட்டத்தையும் ஒருசேரப் பார்த்துக் கேள்வி கேட்கும் இடம் இல்லாமற்போவதுதான் இதன் குறை.

விண்ணப்பம் வருவதற்கு முன்பே இடம் முடிவாகிவிடுகிறது என்கிறார்களே?

பெருமளவு உண்மைதான். வெளியே தெரியாத இந்தக் கட்டத்தைப் புரிந்துகொண்டால் பின்னால் நடப்பவை பல தெளிவாகும். நிறுவனம் முதலில் தேடுவது வெயிலைக் காட்டிலும் இணைப்பைத்தான். உற்பத்தியாகும் மின்சாரத்தை ஏற்கக்கூடிய துணை மின்நிலையமோ உயரழுத்த மின்பாதையோ எங்கே இருக்கிறது, அதில் எத்தனை மெகாவாட்டுக்கு இடம் மீதமிருக்கிறது என்று பார்த்து, அதைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் சமதளமான, பெரிய, சில கைகளில் மட்டுமே இருக்கும் நிலத்தைத் தேடுவார்கள். தூரம் கூடக்கூட மின்பாதையின் செலவும் இழப்பும் கூடும். வழியில் ஒப்புதல் பெற வேண்டிய நிலவுடைமையாளர்களும் கூடுவார்கள். நிலவுடைமையாளரோடு முதலில் போடப்படுவது பெரும்பாலும் விருப்ப ஒப்பந்தம்தான். அனுமதியும் இணைப்பும் கிடைத்தால் குத்தகைக்கு எடுத்துக்கொள்வோம், கிடைக்காவிட்டால் விலகிவிடுவோம் என்பதே அதன் சாரம்.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. ஒரே துணை மின்நிலையத்தைச் சுற்றிப் பல நிறுவனங்கள் வந்து சேரும். ஆகவே ஒரு விண்ணப்பத்தைத் தனியாகப் படிப்பது போதாது. அதே நிலையத்தோடு இணையக் காத்திருக்கும் மற்ற பண்ணைகளையும் சேர்த்து, ஒட்டுமொத்தத் தாக்கம் மதிப்பிடப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். இரண்டாவது, ‘மாற்று இடங்களை ஆராய்ந்தோம்’ என்று எழுதப்பட்டிருக்கும் அத்தியாயம் சில நேரங்களில் முடிவெடுத்த பிறகு எழுதப்பட்டதாக இருக்கும். எந்த இடங்களை, எந்த அளவுகோலால், எப்போது ஒதுக்கினார்கள் என்ற விவரம் அதில் இல்லையென்றால் அதைக் கேட்பது உங்கள் உரிமை.

மின் இணைப்புக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டால் திட்டம் உறுதியாகிவிட்டதா?

இல்லை. மின்தொகுப்பில் இடம் தருவதும் நிலத்தில் கட்ட அனுமதிப்பதும் தனித்தனி முடிவுகள். இணைப்புத் தேதி நெருங்குகிறது என்பது விண்ணப்பதாரரின் அவசரமே. மதிப்பீட்டைச் சுருக்குவதற்கு அது காரணமாகாது.

விண்ணப்பக் கோப்பு ஆயிரக்கணக்கான பக்கங்களாக இருக்கிறது. எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

வரைபடங்களிலிருந்து. எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது, உங்கள் வீட்டுக்கும் பாதைக்கும் ஓடைக்கும் எவ்வளவு அருகில் வருகிறது, இன்வெர்ட்டர்களும் துணை மின்நிலையமும் எந்த மூலையில் இருக்கின்றன, லாரிகள் எந்தச் சாலையால் நுழைகின்றன என்பவற்றை வரைபடம் ஒரே பார்வையில் காட்டிவிடும். அடுத்ததாகத் திட்ட விவரணத்தில் உள்ள உச்ச அளவுகளைப் பாருங்கள். கட்டும்போது எந்த வகைத் தகடு சந்தையில் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், ‘தகட்டின் மேல்விளிம்பு அதிகபட்சம் இவ்வளவு உயரம், இன்வெர்ட்டர்கள் அதிகபட்சம் இத்தனை’ என்று உச்சவரம்பு வைத்து விண்ணப்பிப்பது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் தாக்க மதிப்பீடு முழுவதும் அந்த உச்ச அளவை வைத்தே செய்யப்பட்டிருக்க வேண்டும். உயரத்துக்கு 3.5 மீட்டர் என்று அனுமதி கேட்டுவிட்டு, காட்சிப் படங்களை 2.5 மீட்டர் தகடுகளோடு வரைந்திருந்தால், அந்த மதிப்பீடு வேறொரு திட்டத்தைப் பற்றியது.

பறவை, விலங்கு ஆய்வுக்கு ஓராண்டு வேண்டுமா?

பெரும்பாலான நிலங்களுக்கு வேண்டும். வலசை வரும் பறவைகள் ஒரு பருவத்தில் இருக்கும், மறு பருவத்தில் இருக்காது; கோடையில் வறண்டு கிடக்கும் நிலம் மழைக்குப் பின் ஈரநிலமாகும். ஒரே வாரத்தில் நடந்து பார்த்து எழுதிய அறிக்கை அந்த வாரத்தைப் பற்றி மட்டுமே பேசும்.

ஆய்வு தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் எழுந்த இவான்பா மின்நிலையம் சான்று. அது தகடுகளால் ஆனதன்று, கண்ணாடிகளால் சூரிய வெப்பத்தைக் குவிக்கும் வகை. ஆனால் நிலத்தைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றே. முன்மதிப்பீட்டைவிட அதிகமான பாலைவன ஆமைகள் அங்கே இருப்பது கட்டுமானம் தொடங்கிய பிறகு தெரியவந்ததால், 2011இல் பணியின் ஒரு பகுதியை நிறுத்தும்படி ஆயிற்று. ஆமைகளுக்கும் கேடு, நிறுவனத்துக்கும் இழப்பு. இதற்கு மாறாக, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 350 மெகாவாட் அளவில் 2020 மே மாதம் ஒப்புதல் பெற்ற கிளீவ் ஹில் திட்டத்தில், சதுப்புநிலத்தை ஒட்டிய வயல்களில் மேயும் பறவைகளுக்கென ஒரு பகுதி நிலத்தைத் தகடு பதிக்காமல் விடுவது வடிவமைப்பிலேயே சேர்க்கப்பட்டது. அத்திட்டத்தை எதிர்த்தவர்கள் பலர். ஆனால் பறவைகளைப் பற்றிய கேள்வி ஒப்புதலுக்கு முன்பே வரைபடத்தை மாற்றியது என்பதை மறுக்க முடியாது.

மின்பாதையை மறந்துவிடாதீர்கள். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் அழிவின் விளிம்பில் இருக்கும் கானமயில்கள் மின்கம்பிகளில் மோதி இறப்பதைத் தடுக்க, அவற்றின் வாழிடத்தில் கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுசெல்லும்படி 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பரந்த பரப்புக்கு அதைச் செயல்படுத்துவதில் உள்ள சிக்கல்களைக் கருதி, 2024 மார்ச்சில் அந்த உத்தரவை மாற்றி வல்லுநர் குழுவை அமைத்தது. பண்ணைகள் பல கட்டப்பட்ட பிறகு எழுந்த வழக்கு அது. பண்ணைக்கு ஓர் அனுமதி, மின்பாதைக்கு வேறோர் அனுமதி என்று பிரித்துப் பார்த்தால், பறவை மோதும் கம்பி யாருடைய மதிப்பீட்டிலும் இடம்பெறாமல் போய்விடும்.

நல்ல விளைநிலத்தில் அனுமதி கிடைக்குமா?

நாட்டுக்கு நாடு விடை மாறும், ஆனால் எங்கும் இது எளிதாகக் கடக்கும் கேள்வியன்று. இங்கிலாந்தில் நிலங்கள் தரம் பிரிக்கப்பட்டு, முதல், இரண்டாம், மூன்று-அ தரங்கள் சிறந்த விளைநிலமாகக் கொள்ளப்படுகின்றன. இயன்றவரை தரம் குறைந்த நிலத்தைத் தேர்ந்தெடுத்ததற்கான விளக்கத்தை விண்ணப்பதாரர் தர வேண்டும். ஜப்பானில் 2013 முதல், தகடுகளை உயர்த்திப் பதித்து அவற்றின் கீழே பயிரிடத் தற்காலிக அனுமதி தருகிறார்கள். அப்பகுதியின் சராசரியைவிட விளைச்சல் 20 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது என்பது அதற்கான நிபந்தனை. அந்த ஒற்றை எண்ணின் வலிமையைப் பாருங்கள். ‘விவசாயமும் தொடரும்’ என்று விண்ணப்பங்களில் எழுதுவது எளிது. என்ன பயிர், யார் பயிரிடுவார், எவ்வளவு விளைய வேண்டும், விளையாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால்தான் அந்த வாக்கியத்துக்குப் பொருள் வரும்.

இன்னொரு தரப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். கர்நாடகத்தின் பாவகடாவில் 2,050 மெகாவாட் பூங்காவுக்காக ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலத்தை வாங்காமல் விவசாயிகளிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார்கள். நிலம் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது, ஆண்டுதோறும் குத்தகைத் தொகை வருகிறது. நிலவுடைமையாளருக்கு இது பாதுகாப்பான ஏற்பாடு. ஆனால் எந்தக் குத்தகை முறையிலும், நிலம் இல்லாமல் அதில் கூலிவேலை செய்தவருக்கும், தரிசில் ஆடு மாடு மேய்த்தவருக்கும் ஒப்பந்தத்தில் இடமில்லை. நிலவுடைமையாளர்களை மட்டும் கணக்கெடுத்து எழுதிய சமூகத் தாக்க மதிப்பீட்டை நான் முழுமையானதாக ஏற்க மாட்டேன்.

தகடுகள் கண்ணைக் கூசச் செய்யுமா? சத்தம் வருமா?

தகடுகள் ஒளியை உள்வாங்கவே செய்யப்பட்டவை. பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சும் அவற்றில் உண்டு. உச்சி வெயிலில் அவை திருப்பி அனுப்பும் ஒளி மிகக் குறைவு. சாய்வான கோணத்தில் ஒளி விழும் காலையிலும் மாலையிலும் அது கூடுகிறது. எனவே சாலை, ரயில் தடம், விமான ஓடுபாதை, அருகிலுள்ள வீடுகள் ஆகியவற்றிலிருந்து ஆண்டின் எந்த நாள்களில், எத்தனை நிமிடம் கூச்சம் தெரியும் என்று கணக்கிட்டுக் காட்ட வேண்டும். தகடுகள் சத்தம் போடுவதில்லை. இன்வெர்ட்டர்களின் குளிரூட்டும் விசிறிகளும் மின்மாற்றிகளின் ரீங்காரமும்தான் கேட்கும். அமைதியான கிராமப்புறத்தில் அது கூடுதலாக உணரப்படும். வீடுகளிலிருந்து அவற்றைச் சில நூறு மீட்டர் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும் சிக்கல் இது. வரைபட நிலையில் கேட்டால் செலவில்லாமல் தீரும். கட்டிய பிறகு கேட்டால் ஒலித்தடுப்புச் சுவர் கட்ட வேண்டியிருக்கும்.

மழைநீர் அடித்துக்கொண்டு போகாதா?

தகடுகளின் கீழ்விளிம்பிலிருந்து நீர் ஒரே கோட்டில் சொட்டும். கீழே புல் அடர்ந்திருந்தால் மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். வெற்று மண்ணாகவோ, கட்டுமான வண்டிகள் ஓடி இறுகிய மண்ணாகவோ இருந்தால் வாய்க்கால் அரித்து ஓடும். ஈர மண்ணில் வண்டிகளை ஓட்டாமலிருப்பதும், கட்டுமானத்துக்கு முன்பே புல் விதைப்பதும் பெரிய வடிகால்களைவிடப் பயன்தரும்.

மின்கலச் சேமிப்பு சேர்ந்திருந்தால் கூடுதலாக எதைப் பார்க்க வேண்டும்?

தீயை. லித்தியம் அயன் மின்கலம் ஒன்று கட்டுப்பாடின்றிச் சூடேறினால், அந்த வெப்பம் அடுத்த கலத்துக்குப் பரவும்; அணைத்த பிறகும் மீண்டும் பற்றக்கூடும். பெட்டகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி, தீயணைப்பு வண்டி இரண்டு திசைகளிலிருந்தும் நுழையும் வழி, போதிய நீர், அணைக்கப் பயன்படுத்திய மாசடைந்த நீர் ஓடையில் கலக்காமல் தேங்கும் தொட்டி ஆகியவை வரைபடத்திலேயே இருக்க வேண்டும். உள்ளூர்த் தீயணைப்புத் துறையின் கருத்து கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கருத்துக்கேட்பில் என்ன சொன்னால் எடுபடும்?

முடிவெடுப்பவரால் செயல்படக்கூடிய எதுவும் எடுபடும். ‘எங்களுக்கு இது வேண்டாம்’ என்பது உண்மையான உணர்வுதான். ஆனால் அதைக் கொண்டு அவரால் ஒரு கோட்டைக்கூட நகர்த்த முடியாது. ‘விண்ணப்பத்தின் வெள்ள வரைபடத்தில் வறண்டதாகக் காட்டப்பட்ட வடக்கு வயலில், ஒவ்வொரு பெருமழைக்கும் முழங்கால் அளவு நீர் நிற்கிறது, இதோ புகைப்படங்கள், இதோ தேதிகள்’ என்று எழுதினால் விண்ணப்பதாரர் பதில் சொல்லியாக வேண்டும். அந்த நிலத்தின் பக்கத்தில் வாழ்பவருக்குத் தெரிந்தது, எங்கிருந்தோ வந்து மூன்று நாள் அளந்த ஆலோசகருக்குத் தெரியாது. இந்த அறிவைத்தான் நடைமுறை உங்களிடமிருந்து எதிர்பார்க்கிறது.

ஒரே கடிதத்தை நூறு பேர் நகலெடுத்து அனுப்புவதால் பயன் குறைவு. நியூ சவுத் வேல்ஸில், 50 ஆட்சேபனைகள் வந்தால் முடிவு சுயேச்சையான திட்டமிடல் ஆணையத்துக்குச் செல்லும். ஆனால் அவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும், ஒரே வாசகம் உள்ளவை ஒன்றாகவே எண்ணப்படும். நிலமதிப்பு குறையும் என்ற வாதத்துக்குப் பல நாடுகளில் திட்டமிடல் முடிவில் எடை தருவதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். திட்டத்தை ஆதரிப்பவர்களும் இதே முறையில் எழுத வேண்டும். எதை ஆதரிக்கிறீர்கள், எந்த மாற்றத்தோடு ஆதரிக்கிறீர்கள் என்று சொன்னால் அந்த ஆதரவுக்கு மதிப்புண்டு.

எவ்வளவு காலம் ஆகும்?

இங்கிலாந்தின் தேசிய நடைமுறையில் விண்ணப்பத்தை ஏற்பதா என்று முடிவெடுக்க 28 நாள்கள், விசாரணைக்கு அதிகபட்சம் 6 மாதம், பரிந்துரை எழுத 3 மாதம், அமைச்சர் முடிவெடுக்க 3 மாதம் என்று காலவரம்பு உண்டு. விசாரணைக்கு முந்தைய ஆயத்தத்துக்கும் சில மாதங்கள் பிடிக்கும். விண்ணப்பத்துக்கு முன்னர் ஆய்வுகளுக்குச் செலவாகும் காலம் இதில் சேராது. காலவரம்பு இருப்பது நல்லது. இரண்டு தரப்புக்கும் வருடக்கணக்கில் முடிவு தெரியாமல் காத்திருப்பது கொடுமை.

அனுமதியோடு வரும் நிபந்தனைகள் வெறும் சம்பிரதாயமா?

என் பார்வையில் அனுமதி ஆணையின் உயிரே அவைதான். கிடைத்ததா, மறுக்கப்பட்டதா என்பதிலேயே எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். அடுத்த நாற்பது ஆண்டுகள் பக்கத்தில் வாழப்போகிறவரின் அன்றாடத்தை முடிவு செய்வது நிபந்தனைப் பட்டியல். லாரிகள் எந்த நேரத்தில், எந்தச் சாலையில் வரலாம். மறைப்பு மரவேலி கட்டுமானத்துக்கு முன்பே நடப்பட வேண்டுமா, பின்பா. பட்டுப்போன செடிகளுக்குப் பதிலாக யார், எத்தனை ஆண்டுகள்வரை நட வேண்டும். அருகிலுள்ள வீட்டின் முன் இரவில் அளக்கப்படும் ஒலி எவ்வளவைத் தாண்டக் கூடாது. புகாருக்கு எத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்பவை அங்கேதான் எழுதப்படுகின்றன.

சொற்களைக் கவனித்துப் படியுங்கள். ‘இயன்றவரை தூசியைக் குறைக்க வேண்டும்’ என்ற நிபந்தனையை ஒருவர் மீறினார் என்று யாராலும் மெய்ப்பிக்க முடியாது. அளவு, இடம், காலம், பொறுப்பாளர் ஆகிய நான்கும் இருந்தால்தான் அது நிபந்தனை. பல நாடுகளில் வரைவு நிபந்தனைகள் முடிவுக்கு முன்பே வெளியிடப்படுகின்றன. திட்டத்தை முழுமையாக எதிர்ப்பவர்கள், அவற்றைப் பற்றிப் பேசினால் திட்டத்தை ஏற்றதாகிவிடுமோ என்று அஞ்சி ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஆகாது, ‘எங்கள் எதிர்ப்பு நீடிக்கிறது, ஆயினும் அனுமதிப்பதானால் இவை வேண்டும்’ என்று எழுத எந்தத் தடையும் இல்லை.

அனுமதி பெற்ற பிறகு திட்டத்தை மாற்ற முடியுமா?

முடியும். சிறு மாற்றத்துக்கு எளிய நடைமுறையும், தாக்கத்தைக் கூட்டும் மாற்றத்துக்குப் புதிய மதிப்பீடும் பொதுவாக உண்டு. தகடுகளை மட்டும் காட்டி அனுமதி பெற்றுவிட்டுப் பின்னர் மின்கலக் கூடத்தைச் சேர்ப்பதைச் சிறு மாற்றமாகக் கருதக் கூடாது.

முடிவை எதிர்த்து வழக்குத் தொடரலாமா?

தொடரலாம், ஆனால் அவகாசம் குறுகியது; இங்கிலாந்தில் தேசிய அளவிலான திட்டங்களுக்கு 6 வாரம் மட்டுமே. நீதிமன்றம் பொதுவாக, முடிவு சரியா என்பதைக் காட்டிலும் முடிவெடுத்த முறை சட்டப்படி நடந்ததா என்பதையே பார்க்கும். நார்வேயின் ஃபோசென் காற்றாலை வழக்கை நினைவில் வைக்கலாம்: கலைமான் மேய்க்கும் சாமி என்ற பழங்குடி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறியதால் அனுமதி செல்லாது என்று 2021 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் காற்றாலைகள் எழுந்து இயங்கத் தொடங்கியிருந்தன. தீர்ப்பில் வென்ற மக்கள் தங்கள் மேய்ச்சல் நிலத்தில் கோபுரங்களோடேயே காத்திருக்க நேர்ந்தது.

ஆயுள் முடிந்ததும் நிலம் பழையபடி திரும்பக் கிடைக்குமா?

கிடைக்க வேண்டும் என்று அனுமதியிலும் குத்தகையிலும் எழுதப்பட்டிருந்தால் கிடைக்கும். தகடுகளைத் தாங்குவது பெரும்பாலும் மண்ணில் அறையப்பட்ட எஃகுத் தூண்கள்; அவற்றைப் பிடுங்க முடியும். கண்ணாடி, அலுமினியம், செம்பு ஆகியவற்றை மீட்டு மறுசுழற்சி செய்யலாம். தகட்டுக் கழிவு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012இன் மின்னணுக் கழிவு நெறிமுறைக்குள்ளும், இந்தியாவில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளுக்குள்ளும் வந்துவிட்டது. சிக்கல் பணத்தில்தான் இருக்கிறது. பண்ணை பல முறை கைமாறி, கடைசியில் வாங்கிய நிறுவனம் நொடித்துப்போனால் அகற்றும் செலவு நிலவுடைமையாளர் தலையில் விழும். அதனால் வங்கி உத்தரவாதமோ தனி வைப்புநிதியோ முதலிலேயே கேட்கப்பட வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தத் தொகை மறுமதிப்பீடு செய்யப்பட வேண்டும்.

‘பழைய நிலை’ என்பது எது என்ற கேள்வியும் இருக்கிறது. முதல் தூண் அறையப்படுவதற்கு முன், வயல் வயலாக மண் பரிசோதனை முடிவுகள், கிணறுகளின் நீர்மட்டம், வாய்க்கால்களின் போக்கு, வரப்புகளின் புகைப்படங்கள் ஆகியவற்றைத் தொகுத்து, இரு தரப்பும் கையொப்பமிட்டு அனுமதிக் கோப்பிலேயே சேர்த்துவிடுங்கள். நிலத்தைத் திரும்பப் பெறும் நாளில் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்கள் பலர் இருக்க மாட்டார்கள். அந்த வயலில் என்ன விளைந்தது என்பதைச் சொல்ல அந்தக் கோப்பு மட்டுமே இருக்கும்.